கொலைக்கு முந்தைய ஒத்திகை

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வாசகர் முன் வந்த கதையிலேயே ஒரு நாய் சாகிறது. ஆர்தர் கோனன் டாயிலின் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. லண்டனில் இரண்டு அமெரிக்கர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். இரண்டாமவர் தங்கியிருந்த அறையில் ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது. அதற்குள் இரண்டு மாத்திரைகள். பேக்கர் தெருவில் ஹோம்ஸும் வாட்ஸனும் குடியிருக்கும் வீட்டில், வீட்டுக்காரம்மாளின் டெரியர் நாய் வெகுநாளாக நோயில் கிடக்கிறது. அதன் வேதனையை முடித்துவிடும்படி முந்தின நாள்தான் அந்த அம்மாள் மருத்துவர் வாட்ஸனிடம் கேட்டிருந்தார். அந்த நாயைத் தூக்கி வரச் சொல்கிறார் ஹோம்ஸ். வாட்ஸன் அதை ஒரு திண்டின் மேல் கிடத்துகிறார். ஹோம்ஸ் ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டி, நீரில் கரைத்து, பால் கலந்து தட்டில் ஊற்றி நாயின் முன் வைக்கிறார். நாய் ஒரு சொட்டு விடாமல் நக்கிவிடுகிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஹோம்ஸ் உதட்டைக் கடிக்கிறார், மேசையில் விரல்களால் தாளம் போடுகிறார். உடனிருக்கும் போலீஸ் துப்பறிவாளர்கள் இருவரும் புன்னகைக்கிறார்கள். பிறகு அவர் இரண்டாவது மாத்திரையை எடுக்கிறார். நாக்கு நனைந்த மாத்திரத்தில் நாயின் உடல் முழுவதும் உதறுகிறது. இடி விழுந்ததுபோல் விறைத்துச் செத்துப்போகிறது. ஹோம்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். அவர் ஊகித்தது சரிதான். இரண்டில் ஒன்று நஞ்சு, மற்றது வெறும் மாத்திரை.

கதையைப் படித்தவர்களுக்குச் சுவரில் ரத்தத்தால் எழுதிய சொல் நினைவிருக்கும். மோதிரம் நினைவிருக்கும். டெரியரை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த அறையில் நடந்தது முறையான விலங்குப் பரிசோதனை. ஒரு கருதுகோள், இரண்டு மாதிரிகள், ஒரே உடல், காலம் கடந்து தெரியும் விளைவு என்று ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கின்றன. துப்பறியும் கதையும் விலங்குகளின் உடலில் நஞ்சைச் சோதித்த அறிவியலும் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே வீட்டில் வளர்ந்தவை. டாயிலின் கதைகளைத் தொடர்ந்து படிக்கையில் ஒரு வடிவம் துலங்குகிறது. மனிதனுக்கு எதிரான குற்றம் முதலில் ஏதோ ஒரு விலங்கின் மேல் ஒத்திகை பார்க்கப்படுகிறது. துப்பறிபவர் அந்த ஒத்திகையின் தடத்தைப் பிடித்துக்கொண்டே குற்றவாளியை எட்டுகிறார். மனிதனின் சாவுக்கு விசாரணை உண்டு. விலங்கின் சாவு அந்த விசாரணைக்கு உதவும் ஒரு தடயம், அவ்வளவே. இந்த ஏற்றத்தாழ்வைக் கதைகள் மறைக்கவில்லை. நாம்தான் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறோம்.

அந்த மாத்திரையில் இருந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? கொலையாளி ஜெஃபர்சன் ஹோப் பிடிபட்ட பிறகு தானே சொல்கிறான். அமெரிக்காவில் யார்க் கல்லூரி என்ற இடத்தின் ஆய்வுக்கூடத்தில் அவன் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தவன். ஒருநாள் பேராசிரியர் நஞ்சுகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, தென்னமெரிக்க அம்பு நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த அல்கலாய்டு ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டான் ஹோப். ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறிய நஞ்சு ஒரு மனிதனைக் கொன்று, கடைசியில் ஒரு நாயின் நாக்கில் வந்து தன்னை அடையாளம் காட்டுகிறது.

தென்னமெரிக்க அம்பு நஞ்சு என்றதும் அன்றைய ஆங்கில வாசகருக்கு நினைவில் எழுந்திருக்கக்கூடிய பெயர் குராரே. அது அந்த நாட்களில் வெறும் நஞ்சு அல்ல, ஒரு பெரும் பொதுச்சண்டையின் மையம். பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார் 1850-களில் குராரேவை ஆராய்ந்து, அது நரம்புக்கும் தசைக்கும் இடையிலான கட்டளையை மட்டுமே அறுக்கிறது, உணர்வை அழிப்பதில்லை என்று காட்டியிருந்தார். குராரே செலுத்தப்பட்ட நாய் அசையாது, குரைக்காது, துள்ளாது. செயற்கையாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் உயிரோடும் இருக்கும். வலி மட்டும் அப்படியே இருக்கும். அசையாத விலங்கு ஆய்வாளருக்கு வசதியானது. அந்த வசதிதான் மக்களை நடுங்கவைத்தது. 1876-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்குக் குராரே மயக்கமருந்தாகக் கருதப்படாது என்று தனியாக எழுதிவைத்தது. டாயில் எடின்பரோவில் மருத்துவ மாணவராகச் சேர்ந்ததும் அதே 1876-இல்தான்.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அந்த நாயின் சாவில் ஒரு முரண் இருக்கிறது. குராரே ரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும், வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தீங்கில்லை. அந்த அம்புகளால் வீழ்த்திய விலங்கின் இறைச்சியை வேட்டைக்காரர்கள் உண்டது அதனால்தான். குராரேயில் சாகும் உடல் துவண்டு போகுமே தவிர விறைக்காது. டாயிலின் டெரியரோ பாலோடு நஞ்சைக் குடித்து, விறைத்துச் சாகிறது. அறிவியல்படி சாக வேண்டிய தேவையில்லாத நாய் கதையின் தேவைக்காகச் செத்தது என்றுதான் நான் படிக்கிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் இரண்டு போலீஸ்காரர்களும் வாசகரும் ஒரே நொடியில் நம்பியாக வேண்டும். வேதியியல் சோதனைக்குழாயில் ஒரு நிறமாற்றம் அந்த நம்பிக்கையைத் தராது. ஓர் உயிர் போவது தரும்.

வேறு வழி டாயிலுக்குத் தெரியாமல் இல்லை. அவரே தன் உடலில் நஞ்சைச் சோதித்தவர். 1879-இல், மாணவராக இருந்தபோதே, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஜெல்செமியம் என்ற தாவர மருந்தைப் பற்றி அவர் எழுதிய கடிதம் வெளியானது. நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் குடித்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் தாங்க முடியாத நிலை வரும்வரை போய் நிறுத்தினார். அதே எடின்பரோவில் நச்சியல் கற்பித்த ராபர்ட் கிறிஸ்டிசன், ஆப்பிரிக்கக் கலபார் விதையைத் தானே தின்று அதன் விளைவுகளைக் குறித்துவைத்தவர். 1820-களின் பர்க், ஹேர் கொலை வழக்கையொட்டி, செத்த உடலில் அடித்தால் கன்றிப்போகுமா என்று சோதித்தவரும் அவர்தான். பிணவறையில் சடலங்களைத் தடியால் அடித்துப் பார்க்கும் பழக்கம் ஹோம்ஸுக்கு உண்டு என்று முதல் கதையில் வருவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதே பக்கங்களில், ஹோம்ஸ் ஒரு நண்பனுக்கே புதிய அல்கலாய்டைக் கொடுத்துப் பார்க்கக்கூடியவர், ஆனால் அதைத் தானும் அதே வேகத்தில் குடிப்பார் என்கிறான் வாட்ஸனை ஹோம்ஸுக்கு அறிமுகப்படுத்தும் ஸ்டாம்ஃபோர்ட். தன்மேல் சோதிப்பதும் பிறர்மேல் சோதிப்பதும் ஒரே தட்டில் வைக்கப்படும் இந்த வரிகளில் டாயில் தன் நாயகனின் அறத்தை நியாயப்படுத்துகிறார். ஆனால் கதையில் பாலைக் குடித்தது ஹோம்ஸ் அல்ல.

கதைகள் இப்படி எழுதப்பட்டதற்கு நிஜ நீதிமன்றங்கள் முன்னோடியாக இருந்தன. பாரிஸில் மாத்யூ ஓர்ஃபிலா 1810-களில் நஞ்சுகளைப் பற்றிய தன் பெருநூலை வெளியிட்டபோது, அதன் அடித்தளமாக இருந்தவை நாய்கள். கொடுத்த நஞ்சை வாந்தியெடுத்துவிடாதபடி நாயின் உணவுக்குழாயைக் கட்டிவிட்டு அவர் சோதனை செய்தார். 1850-இல் பெல்ஜியத்தில் நடந்த பொகார்மே வழக்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. பொகார்மே பிரபு தன் மைத்துனனின் சொத்துக்காக அவனை விருந்துக்கு அழைத்து நிகோட்டினால் கொன்றார். தாவர நஞ்சை உடலிலிருந்து பிரித்தெடுக்க அதுவரை யாருக்கும் வழி தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் நிகோட்டினைத் தேர்ந்தெடுத்தார். அவர் புகையிலையிலிருந்து நஞ்சை வடித்தெடுக்கக் கற்றுக்கொண்டு, பூனைகளுக்கும் வாத்துகளுக்கும் கொடுத்துச் சோதித்திருந்தார். அவற்றின் உடல்கள் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தன. மறுபக்கத்தில், வேதியியலாளர் ஜான் செர்வே ஸ்டாஸ் இறந்தவரின் உறுப்புகளிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்துச் சாதனை செய்தார். அவரும் தன் முடிவை உறுதிப்படுத்த நாய்களுக்கு நிகோட்டின் கொடுத்துப் பார்த்தார். கொலையாளியின் தோட்டத்திலும் விலங்குகள், நிபுணரின் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகள். 1851-இல் பொகார்மேயின் தலை துண்டிக்கப்பட்டது.

1864-இல் பாரிஸில் நடந்த தெ லா பொம்மெரே வழக்கில் நாயே நேரடியான சான்றாகியது. அந்த மருத்துவர் டிஜிட்டாலின் கொடுத்து ஒரு விதவையைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. வேதியியலால் அந்த நஞ்சை அன்று காட்ட முடியவில்லை. நிபுணர்கள் தார்தியுவும் ரூசினும், இறந்தவள் எடுத்த வாந்தியைத் தரைப்பலகையிலிருந்து சுரண்டி, அந்தச் சாற்றை நாயின் உடலில் செலுத்தினார்கள். நாயின் இதயம் தடுமாறி நின்றது. அந்தச் சாவு சாட்சியமாயிற்று. ஹோம்ஸின் அறையில் நடந்தது கற்பனையின் துள்ளல் அல்ல. 23 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்த முறை அது.

இந்தப் பின்னணியில் டாயிலின் பிற்காலக் கதைகளைப் பார்க்க வேண்டும். 1892-இல் வந்த 'சில்வர் பிளேஸ்' குரைக்காத நாய்க்காகப் புகழ்பெற்றது. இரவில் குதிரையைக் கொண்டுபோனவன் நாய்க்குத் தெரிந்தவன், ஆகவே நாய் குரைக்கவில்லை என்ற அந்த அனுமானத்தை உலகமே மேற்கோள் காட்டுகிறது. அதே கதையில் உள்ள இன்னொரு விலங்குத் தடயம் அதைவிட ஆழமானது. ஹோம்ஸ் சம்பந்தமே இல்லாததுபோல் லாயப் பையனிடம் ஆடுகளைப் பற்றி விசாரிக்கிறார். அண்மையில் மூன்று ஆடுகள் நொண்டத் தொடங்கிவிட்டன என்ற பதில் வந்ததும் அவர் முகம் மலர்கிறது. பந்தயக் குதிரையின் தசைநாணை வெளியே தெரியாமல் கீறி நொண்டியாக்கத் திட்டமிட்ட பயிற்சியாளன் ஸ்ட்ரேக்கர், கண்புரை அறுக்கும் மருத்துவக் கத்தியை வாங்கி முதலில் ஆடுகளில் கைப்பழக்கம் செய்து பார்த்திருக்கிறான். தேர்ந்த கை வேண்டும் என்றால் பழகியாக வேண்டும், பழகுவதற்கு யாரும் கேட்காத உடல் வேண்டும். ஆய்வுக்கூடத்தின் தர்க்கத்தை ஒரு லாயத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார் டாயில். ஹோம்ஸ் அந்தத் தர்க்கத்தை அறிந்தவர் என்பதால்தான் ஆடுகளைக் கேட்கத் தோன்றுகிறது.

'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலை இங்கே நீட்ட வேண்டியதில்லை. அதில் நாய் ஆயுதம். பூச்சிகளைச் சேகரிக்கும் இயற்கை ஆர்வலர் ஸ்டேபிள்டன், லண்டன் கடையில் வாங்கிய நாயைச் சதுப்புநிலத்தில் அடைத்து வைத்து, முகத்தில் பாஸ்பரஸ் பூசி ஏவுகிறார். கடைசியில் ஹோம்ஸின் துப்பாக்கிக்கு இரையாவதும் அந்த நாயே.

1924-இல் வந்த 'தி சசெக்ஸ் வாம்பயர்' கதையில் ஒத்திகை மீண்டும் வருகிறது, இந்த முறை ஒரு சிறுவனின் கையால். குழந்தையின் கழுத்தில் வாய் வைத்து ரத்தம் உறிஞ்சுகிறாள் தாய் என்று பணிப்பெண் சொல்கிறாள். வீட்டில் நுழைந்த ஹோம்ஸ் சுவரில் தொங்கும் தென்னமெரிக்க ஆயுதங்களைப் பார்க்கிறார். பிறகு பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கும் ஸ்பானியல் நாயைப் பார்க்கிறார். ஒரே இரவில் வந்த முடம், கால்நடை மருத்துவருக்கும் புரியவில்லை. அங்கேயே வழக்கு முடிந்துவிடுகிறது. முதல் மனைவியின் பதினைந்து வயது மகன் பொறாமையில் தன் தம்பியைக் கொல்ல அம்பு நஞ்சை எடுத்திருக்கிறான். நஞ்சு பழசாகி வீரியம் இழந்துவிட்டதா என்று அறிய, முன்னதாக வீட்டு நாயைக் குத்திப் பார்த்திருக்கிறான். தாய் உறிஞ்சி எடுத்தது ரத்தத்தை அல்ல, நஞ்சை. இந்தக் கதையில் குராரேயின் பெயர் வெளிப்படையாகவே வருகிறது, ரத்தத்தில் கலக்கும் முறையும் சரியாக இருக்கிறது. 37 ஆண்டுகளுக்கு முன் ஹோம்ஸ் டெரியரிடம் செய்ததை இப்போது ஒரு குற்றவாளிச் சிறுவன் ஸ்பானியலிடம் செய்கிறான். நாய் வழியாக நஞ்சைச் சோதிக்கும் செயல் துப்பறிபவரின் கையிலிருந்து குற்றவாளியின் கைக்கு இடம் மாறியிருக்கிறது. டாயில் இதைத் திட்டமிட்டார் என்று நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் இங்கிலாந்தில் நடந்தவற்றை அறிந்தவர்கள் இந்த மாற்றத்தைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஆய்வுக்கூட நாய் இலக்கியத்துக்குள் வரும் வழியை வில்கி காலின்ஸ் முன்பே திறந்திருந்தார். 'தி மூன்ஸ்டோன்' எழுதி ஆங்கிலத் துப்பறியும் நாவலுக்கு அடித்தளம் போட்டவர், 1883-இல் 'ஹார்ட் அண்ட் சயன்ஸ்' என்ற நாவலை எழுதினார். அதில் டாக்டர் பெஞ்சூலியா லண்டனுக்கு வெளியே மரங்களற்ற வெளியில் தனியாக ஒரு கட்டடம் கட்டி, யாரையும் உள்ளே விடாமல் மூளை நோயை ஆராய்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் நாவலின் மர்மம். காலின்ஸ் விலங்குப் பரிசோதனை எதிர்ப்பு இயக்கத்தின் தலைவி ஃபிரான்சஸ் பவர் காப் முதலியோரிடமிருந்து தகவல்கள் பெற்றவர். ஆனாலும் வாசகரை அந்தக் கதவுக்குள் ஒருமுறைகூட அழைத்துச் செல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். கொடுமையைக் காட்டாமல் அதைச் செய்பவரின் மனம் எப்படி வறண்டுபோகிறது என்பதை மட்டும் காட்டினார். மர்மக்கதை எழுத்தாளர் ஒருவர் மர்மத்தின் கதவைத் திறக்க மறுப்பது பெரிய முடிவு. அதன் கண்ணியத்தை மதிக்கிறேன். விலையையும் சொல்ல வேண்டும்: உள்ளே இருந்த நாய்கள் வாசகருக்குக் கடைசிவரை முகமற்றவையாகவே போகின்றன.

கதவைத் திறந்தவர்கள் இரண்டு பெண்கள். சுவீடனிலிருந்து வந்த லிஸி லிண்ட் ஆஃப் ஹாகெபியும் லைசா ஷார்டாவும் லண்டனில் உடலியங்கியல் வகுப்புகளில் மாணவிகளாகச் சேர்ந்து, பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார்கள். 1903 பிப்ரவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ் மாணவர்களுக்கு முன் ஒரு பழுப்பு நிற நாயின் கழுத்தைத் திறந்து உமிழ்நீர்ச் சுரப்பி நரம்புகளைத் தூண்டிக் காட்டினார். பெய்லிஸ் சாதாரணமானவர் அல்லர். முந்தின ஆண்டுதான் அவரும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் செக்ரெட்டின் என்ற முதல் ஹார்மோனைக் கண்டறிந்திருந்தார்கள். மருத்துவ வரலாற்றில் அந்தக் கண்டுபிடிப்பின் எடை மிகப் பெரியது. அதுவும் நாய்களில்தான் நிகழ்ந்தது. செயல்விளக்கம் முடிந்தபின் பழுப்பு நாயைக் கத்தியால் கொன்றவர் ஹென்றி டேல். அவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் பெண்கள் கவனித்தவை ஒரு துப்பறிவாளரின் கவனிப்புக்கு ஈடானவை. நாயின் உடலில் பழைய அறுவைத் தழும்பு இருந்தது. ஆகவே இரண்டு மாதம் முன்பே வேறொரு சோதனைக்கு அது உள்ளாகியிருக்கிறது. ஒரு விலங்கை மீண்டும் பயன்படுத்துவதை 1876-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. மயக்கமருந்தின் வாடை வரவில்லை, நாய் துள்ளியது என்றும் எழுதினார்கள். ஸ்டீஃபன் கோல்ரிட்ஜ் என்ற வழக்கறிஞர் இதைப் பொதுக்கூட்டத்தில் படிக்க, பெய்லிஸ் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 1903 நவம்பரில் நடந்த வழக்கில் நாய்க்குப் போதிய மயக்கமருந்து தரப்பட்டது என்ற பெய்லிஸ் தரப்பை ஜூரி ஏற்றது. கோல்ரிட்ஜ் 2,000 பவுண்ட் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

அந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது என்ன? ஒரு பேராசிரியரின் நற்பெயர். நாய் எப்படிச் செத்தது என்ற கேள்வி அந்த நற்பெயரைத் தீர்மானிக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே எழுந்தது. டெரியரின் சாவு எப்படி ஹோம்ஸின் ஊகத்துக்குச் சான்றானதோ, அப்படியே பழுப்பு நாயின் சாவு ஓர் அவதூறு வழக்கில் இணைப்பு ஆவணமாயிற்று. அதை ஏற்க மறுத்தவர்கள் 1906-இல் பாட்டர்சியில் அந்த நாய்க்குச் சிலை எழுப்பினார்கள். மனிதரும் நாய்களும் நீர் குடிக்கும் தொட்டியோடு அமைந்த சிலை அது. கொலைக்கதையில் இறந்தவருக்குப் பெயர் கிடைப்பதுபோல் அந்த நாய்க்கு ஓர் இடம் கிடைத்தது. மருத்துவ மாணவர்கள் அதை உடைக்கப் புறப்பட்டார்கள். 1907 டிசம்பரில் டிராஃபல்கர் சதுக்கம்வரை கலவரம் பரவியது. தொழிலாளர்களும் பெண் வாக்குரிமைப் போராளிகளும் சிலையின் பக்கம் நின்றார்கள். 1910-இல் நகர மன்றம் இரவோடிரவாகப் போலீஸ் காவலுடன் சிலையை அகற்றியது. பாட்டர்சி பூங்காவில் புதிய சிலை வர 1985 ஆகிவிட்டது.

டாயில் 1923-இல் 'தி கிரீப்பிங் மேன்' எழுதியபோது, கதை நடக்கும் காலமாக 1903 செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தார். பழுப்பு நாயின் ஆண்டு. கதையின் மையத்தில் இருப்பவர் ஒரு புகழ்பெற்ற உடலியங்கியல் பேராசிரியர், பிரெஸ்பரி. 61 வயதில் இளம்பெண் ஒருத்தியை விரும்பி, இளமையைத் திரும்பப் பெற ப்ராகிலிருந்து சீரம் வரவழைத்து ஊசி போட்டுக்கொள்கிறார். அதை உட்செலுத்திய இரவுகளில் கைகால்களை ஊன்றி ஊர்கிறார், சுவரேறுகிறார். அவருடைய சொந்த ஓநாய்வேட்டை நாய் ராய் அவரைக் கடிக்கப் பாய்கிறது. அத்தனை காலம் விசுவாசமாக இருந்த நாய் ஏன் எசமானனைத் தாக்குகிறது என்பதே ஹோம்ஸை இந்த வழக்குக்குள் இழுக்கும் கேள்வி. நாய்களைத் துப்பறியும் பணியில் பயன்படுத்துவது பற்றித் தனி நூல் எழுதும் எண்ணம் தனக்கு உண்டு என்றும் இங்கே அவர் சொல்கிறார்.

இது முழுக்கக் கற்பனை அல்ல. 1889-இல் பாரிஸில், 72 வயதான சார்ல்ஸ் பிரவுன்-செக்கார் நாயின் விதைப்பையிலிருந்தும் கினிப்பன்றியின் விதைப்பையிலிருந்தும் எடுத்த சாற்றைத் தனக்குச் செலுத்திக்கொண்டு இளமை திரும்பியதாக அறிஞர் சபையில் அறிவித்தார். 1920-களில் செர்ஜ் வோரனாஃப் குரங்கின் திசுவை மனிதர்களுக்கு ஒட்டிப் பெரும் பணம் பார்த்தார். டாயிலின் கதையில் சீரம் வருவது இமயமலைச் சரிவுகளில் வாழும் கருமுக மந்தியிலிருந்து. நம் கோயில் மரங்களிலும் மலைப்பாதைகளிலும் பார்க்கும் மந்தியின் இனம். இந்தியக் குரங்குகள் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போகும் பாதை பிறகு உண்மையாகவே அகலமாகியது. ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

பிரெஸ்பரி குரங்கின் மனநிலையில் இருக்கும்போது கட்டிப்போட்ட நாயைக் கல்லெறிந்தும் குச்சியால் குத்தியும் சீண்டுகிறார். ஒருநாள் கழுத்துப்பட்டை நழுவி, நாய் அவர் தொண்டையைக் கவ்வுகிறது. நாய் தாக்கியது பேராசிரியரை அல்ல, அவருக்குள் இருந்த குரங்கை என்பது ஹோம்ஸின் தீர்ப்பு. நாயைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் தீர்ப்பு. இத்தனை கதைகளில் டாயில் எட்டிய மிகத் தொலைவான புள்ளி இதுதான் என்பேன். இங்கே விலங்கின் மேல் ஒத்திகை இல்லை, ஆய்வாளர் தன் உடலையே களமாக்குகிறார். நாய் சோதனைப்பொருள் அல்ல, நேரடி சாட்சி. அதன் சாட்சியத்தை மகளோ உதவியாளரோ புரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு துப்பறிவாளர் புரிந்துகொள்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் எடைபோட்டாக வேண்டும். ஒத்திகை பார்க்காமல் விட்டதாலும் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலின் கிளைக்காலில் கரைத்து இனிப்பு திரவமாக விற்றார்கள். சுவையும் நிறமும் பார்க்கப்பட்டன, நச்சுத்தன்மை பார்க்கப்படவில்லை. நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். கரைப்பான்தான் கொலையாளி என்பதை விலங்குச் சோதனைகள் உறுதி செய்தன. மறு ஆண்டு மருந்துகள் விற்பனைக்கு வருமுன் பாதுகாப்பு காட்டப்பட வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதே நஞ்சு 1972-இல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசக் குழந்தைகளைக் கொன்றபோதும் அதே நஞ்சின் பெயர்தான் வெளிவந்தது. அந்தப் பெற்றோரின் முன் நின்று எந்தச் சோதனையும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் காஞ்சிபுரம் மருந்தில் நஞ்சு இருந்ததைக் காட்டிக்கொடுத்தது நாய் அல்ல, வேதியியல் ஆய்வு. 1850-இல் ஸ்டாஸ் கண்ட பிரித்தெடுக்கும் முறையின் வாரிசுகள் அந்தக் கருவிகள். தரைப்பலகையிலிருந்து சுரண்டியதை நாய்க்குச் செலுத்த வேண்டிய காலம் நச்சியலில் முடிந்து வெகுநாளாகிவிட்டது. தவறியது அந்தச் சோதனையை உரிய நேரத்தில் செய்யும் பொறுப்பு.

சட்டங்கள் பிறந்த வரலாற்றிலும் துப்பறியும் கதைகள் உண்டு. 1965-இல் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையிலிருந்து பெப்பர் என்ற டால்மேஷியன் காணாமல் போனது. குடும்பத்தார் வியாபாரிகளின் வண்டித்தடத்தைப் பின்தொடர்ந்து தேடினார்கள். நாய் நியூயார்க்கில் ஒரு சோதனையின்போது ஏற்கெனவே இறந்திருந்தது. அந்தத் தேடலின் எதிரொலியாக 1966-இல் அமெரிக்காவின் முதல் ஆய்வுக்கூட விலங்கு நலச் சட்டம் வந்தது.

இந்தியச் சட்டத்துக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசு தானே சட்டம் இயற்றுவதாக நேரு உறுதி தந்ததும் அதை விலக்கிக்கொண்டார். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் உருவாயிற்று. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டம் பரிசோதனைகளைத் தடை செய்யவில்லை. வலி தவிர்க்கப்பட வேண்டும், தவிர்க்க முடிந்த சோதனையைச் செய்யக்கூடாது, சிறு விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கைத் தொடக்கூடாது என்று வழிகாட்டி, கண்காணிக்க ஒரு குழுவுக்கும் இடம் வகுத்தது. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களுக்கும், அறிவியலாளர் அல்லாத ஒருவருக்கும் இடம் உண்டு. 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகள் திருத்தப்பட்டு, விலங்குகள் இல்லாத மாற்று முறைகளின் முடிவுகளும் ஏற்கத்தக்கவை ஆயின.

ஆய்வுக்கூடங்களில் மிகுதியும் பயன்படும் நாய் இனம் பீகிள். அளவில் சிறியது, சாந்தமானது, ஊசியோடு வரும் கைக்கும் வாலாட்டும். பேக்கர் தெரு டெரியர் ஹோம்ஸ் நீட்டிய தட்டிலிருந்து தயங்காமல் பாலைக் குடித்ததும் அதே நம்பிக்கையில்தான். நெறிமுறைக் குழுவின் அறையில் ஒரு விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, ஏன் நாய், ஏன் இத்தனை, வேறு வழி பார்த்தீர்களா, முடிவில் இவை என்ன ஆகும் என்று கேட்பவர் கேட்டே ஆக வேண்டும். பிரேதத்தின் முன் நின்று தொடங்கும் கேள்விகள் இங்கே உயிர் இருக்கும்போதே தொடங்குகின்றன. கேட்பவர் சோர்ந்து கையெழுத்திட்டால் என்ன நடக்கும், மடக்கிக் கேட்டால் யார் கோபப்படுவார்கள், ஒரு பதிவேட்டில் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அந்த ஒன்று எங்கே போயிற்று என்பவையெல்லாம் கொலைமர்ம நாவலுக்குக் குறைவில்லாத சரக்கு. நாயின் சாவையே விசாரணையின் பொருளாக வைத்து அந்த அறையிலிருந்து தமிழில் ஒருவர் எழுத வேண்டும் என்பது என் ஆசை.